கடல் கடந்து வந்த வீட்டுச் சாமான்கள்

நம் ஊரில் வீடு மாறுவது ஒரு பெரிய காரியமே அல்ல. ஒரு லேண்ட்மாஸ்டரைக் கூப்பிட்டால் போதும். சாச்சாமாரும் மச்சான்மாரும் நாலைந்து பேர் சேர்ந்து காலையில் ஏற்றத் தொடங்கி ளுஹருக்கு முன் இறக்கி முடித்துவிடுவார்கள். கூலி என்ற பேச்சே எழாது. பகலைக்கு ஒரு சஹன் சோறும் சோடாவும் வைத்தால் சிரித்துக்கொண்டு போவார்கள். தீவு ஒன்றிலிருந்து வீடு மாறுவது அப்படியல்ல என்பதை 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் கண்ணால் கண்டேன். அப்போது நான் ஒன்பதாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

வாப்பா அரசாங்க உத்தியோகத்தர். நெடுந்தீவுக்கு இடமாற்றம் கிடைத்தபோது, "ஆம்பிளைகள் தனியாகத்தான் போய் நிற்பார்கள், குடும்பத்தோடு யாரும் போவதில்லை" என்று எல்லோரும் சொன்னார்கள். உம்மா கேட்கவில்லை. 2020 ஜனவரியில் நான்கு பைகளோடும் உம்மம்மாவின் சிங்கர் தையல் மெஷினோடும் கல்முனையிலிருந்து புறப்பட்டோம். இரண்டு மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்து, போன இடத்திலேயே வேர் பிடிக்க வேண்டியதாயிற்று.

நெடுந்தீவைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவே போட்ட தாம்போதிகளால் 30 கிலோமீற்றருக்கு மேல் போனால் குறிகாட்டுவான் இறங்குதுறை வரும். அங்கே வீதி முடிந்துவிடும். அதற்கப்பால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். 'குமுதினி', 'வடதாரகை', 'நெடுந்தாரகை' என்று பெயர் சொல்லித்தான் அங்குள்ளவர்கள் படகுகளைக் குறிப்பிடுவார்கள். நாங்கள் பஸ்ஸை நேரம் சொல்லிக் குறிப்பிடுவது போல. தீவுக்குள் போனால் சாந்து இல்லாமல் முருகைக் கற்களை அடுக்கிக் கட்டிய மதில்கள், பனைமரங்கள், வெளியில் தன்பாட்டில் மேயும் குதிரைகள். என் தம்பி முதல் வாரம் முழுவதும் குதிரைகளை எண்ணிக்கொண்டே திரிந்தான்.

அந்த இரண்டரை வருடத்தில் வீட்டில் சாமான் சேர்ந்துவிட்டது. உம்மா பாடசாலைச் சீருடைகளும் சட்டைகளும் தைத்தார். அந்தக் காசில்தான் பிரிட்ஜ், மேசை, கதிரைகள், கடைசியாக ஒரு கண்ணாடி அலுமாரி எல்லாம் வந்தன. அலுமாரி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வாங்கி, வள்ளத்தில் ஏற்றி, ட்ரக்டர் பெட்டியில் நிறுத்தி ஆறு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தன் உழைப்பில் வாங்கிய முதல் பெரிய பொருள் என்று உம்மா அதன் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

2022இல் ஊரில் மூத்தம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் கையும் காலும் வழங்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்த மாமிக்குக் கட்டாரில் வேலை சரிவந்து, விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. அந்த வருடம் ஊரில் எத்தனை பேர் இப்படிப் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வாப்பா விண்ணப்பித்திருந்த இடமாற்றம் கிடைத்தது. ஆனால் உடனே கடமையேற்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அவர் ஒரு பையோடு முன்னால் போய்விட்டார். செப்டெம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமிக்குப் பயணம். அதற்கு முன் நாங்கள் வீட்டோடு போய்ச் சேர வேண்டும்.

காலமோ எரிபொருள் இல்லாக் காலம். ஆண்டின் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், ஜூன் கடைசியில் 460 ரூபாவுக்குப் போய்ச் சற்றே இறங்கியிருந்தது. கியூஆர் அட்டைக்கு லொறிக்கு வாரத்துக்கு 50 லீற்றர்தான். குறிகாட்டுவானிலிருந்து கல்முனைக்கு 350 கிலோமீற்றருக்கு மேல். 50 லீற்றரில் ஒரு லொறி வந்து சேராது.

வாப்பா யாழ்ப்பாணத்தில் வீடு மாற்றிக் கொடுக்கும் ஒருவரின் இலக்கத்தை அனுப்பினார். உம்மா கோல் எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வாசலில் ஏற்றி வாசலில் இறக்குவோம், எல்லாம் எங்கள் பொறுப்பு, 240,000 ரூபா, பாதிக் காசை இன்றைக்கே வங்கியில் போடுங்கள் என்றார் அவர்.

"கடலுக்கு என்ன செய்வீங்க?" என்று உம்மா கேட்டார்.

"அதொண்டும் பிரச்சினையில்லை அக்கா. லொறியைப் படகில ஏத்திக்கொண்டு உங்கட வீட்டு வாசலுக்கே வருவம்."

உம்மா "யோசிச்சிட்டுச் சொல்றன்" என்று வைத்துவிட்டார். பயணிகள் படகில் ஒரு ஆட்டை ஏற்றுவதற்கே இடம் பார்க்க வேண்டும். அந்த மனிதர் குறிகாட்டுவானைத் தாண்டி வந்திருக்கவே மாட்டார். கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வழியைத் தெரியாத ஒருவரிடம் முற்பணம் கொடுப்பதற்கு, நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே தேவையில்லை.

பக்கத்து வளவு ஆச்சிதான் வழி சொன்னார். "உதுக்கேன் பிள்ளை யாழ்ப்பாணத்தில ஆள் தேடுறாய்? கடையளுக்குச் சாமான் ஏத்திற வள்ளக்காரனைக் கேள். சீமெந்து, அரிசி, மா எல்லாம் அவன்தானே கொண்டு வாறான். வரேக்க பாரத்தோட வாறவன், போகேக்க வெறும் வள்ளத்தோட போறான்."

வாப்பாவும் அதே யோசனையில் தரையில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எங்கள் தெருக்காரர் ஒருவர், வாப்பாவோடு மத்ரஸாவில் ஓதியவர், சம்மாந்துறை ஆலையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அரிசி ஏற்றிப் போகிறவர். வியாழக்கிழமை இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்புவார். குறிகாட்டுவானுக்கு வந்து போக 70,000 ரூபா. டீசலையும் போன வாரத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்தார். ஒரு நிபந்தனை மட்டும்: பகல் இரண்டு மணிக்கு மேல் நிற்க மாட்டார். வெள்ளிக்கிழமை விடிய அவர் ஆலையில் அடுத்த பாரத்துக்கு நிற்க வேண்டும்.

"வள்ளக்காரரிட்ட நான் லீவு போட்டுட்டு வந்து பேசட்டா?" என்று வாப்பா கேட்டார்.

"வேணாம், நான் பேசிக்கிறன். நீங்க உம்மாவப் பாருங்க" என்றார் உம்மா.

என் உம்மா ஊரில் மீன்காரரிடம்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று விலை கேட்பவர். அன்று அஸர் தொழுதுவிட்டு, அபாயாவைப் போட்டு, என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மாவிலித்துறைக்கு நடந்தார். கையில் தையல் அளவு எழுதும் கொப்பி. அதில் 46 சாமான்களுக்கு இலக்கம் போட்டு எழுதியிருந்தார். கட்டில் 1, மெத்தை 2, பிரிட்ஜ் 3 என்று. பாத்திரப் பெட்டிகளுக்குத் தனித்தனி இலக்கம். அலுமாரி 17.

வள்ளக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். வலையில் இருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"தங்கச்சி, இந்தத் தோணி..." என்று அவர் சிரித்தார். உம்மா "தோணி" என்று சொல்லிவிட்டிருந்தார். கிழக்கில் எங்களுக்கு எல்லாமே தோணிதான். அவர்களுக்கோ வள்ளம் வேறு, தோணி வேறு, படகு வேறு. அந்தச் சிரிப்பில் உம்மாவின் நடுக்கம் கொஞ்சம் போனது என்று நினைக்கிறேன்.

பேச்சு ஒரு மணித்தியாலம் நடந்தது. 45,000த்தில் தொடங்கி 34,000த்தில் நின்றது. அந்த 11,000 குறைந்ததைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது உம்மா கேட்ட கேள்விகள். வீட்டிலிருந்து துறைக்கு வரும் ட்ரக்டர் கூலி இதற்குள்ளா, வெளியேயா? தூக்குகிற பொடியன்கள் எத்தனை பேர்? குறிகாட்டுவானில் இறக்குவது மட்டுமா, லொறியில் அடுக்கிக் கொடுப்பதுமா? உடைந்தால் யார் பொறுப்பு?

கடைசிக் கேள்விக்கு அவர் சற்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "கடல் தண்ணி அடிச்சுப் பழுதானா நான் பொறுப்பில்லைத் தங்கச்சி. அது என்ர கையில இல்லை. என்ர பொடியள் கைதவறிப் போட்டு உடைச்சா நான் பொறுப்பு."

உம்மா இரண்டையும் அப்படியே எழுதினார். 'வீட்டு வாசலில் எடுத்து, வள்ளத்தில் ஏற்றி, குறிகாட்டுவானில் இறக்கி, லொறியில் அடுக்கிக் கொடுப்பது வரை 34,000. முற்பணம் 10,000. மிகுதி லொறிக் கதவு பூட்டிய பின்.' வாசித்துக் காட்டி, கொப்பியை நீட்டி, கையெழுத்துக் கேட்டார். இத்தனை வருடத்தில் ஒருவரும் தன்னிடம் கையெழுத்துக் கேட்டதில்லை என்று அவர் சொன்னார், ஆனாலும் போட்டார்.

அடுத்த மூன்று நாட்களும் கட்டுவதிலேயே போயிற்று. உப்புத் தண்ணீருக்குப் பயந்து மெத்தைகளுக்குப் பொலித்தீன் சுற்றினோம். கட்டிலைக் கழற்றி, திருகாணிகளைப் பால்மா ரின்னில் போட்டு, ரின்னுக்கும் இலக்கம் போட்டோம். தையல் மெஷினுக்கு உம்மா தானே எண்ணெய் பூசி, வாப்பாவின் பழைய சாரத்தால் மூன்று சுற்றுச் சுற்றினார். என் புத்தகங்களை உரப்பைகளில் கட்டினேன். பெட்டியில் போட்டால் பாரம் தாங்காமல் அடி கழன்றுவிடும் என்று ட்ரக்டர் அண்ணா சொல்லித் தந்தார். குர்ஆன் பிரதிகளும் மூத்தம்மாவின் மருந்துச் சீட்டுகளும் கையில் வரும் பைக்கு. கோழிகள் ஆச்சிக்கு.

பிரிட்ஜுக்கு மட்டும் ஒரு சிறு சண்டை நடந்தது. வள்ளத்தில் நிறுத்தி வைத்தால் காற்றுப் பிடிக்கும், கிடத்துவோம் என்றார்கள் பொடியன்கள். கிடத்தினால் கொம்பிரசரின் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும் என்று விஞ்ஞான ஆசிரியர் சொன்னதை நான் சொன்னேன். வள்ளக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "பிள்ளை சொல்லுறது சரி" என்று அதை நிறுத்தி, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே வைத்துக் கட்டச் சொன்னார். ஊருக்கு வந்து அரை நாள் நிற்கவிட்டு ஆளியைப் போட்டோம்; இன்றும் வேலை செய்கிறது.

வியாழக்கிழமை விடியவே சாமான்கள் துறைக்கு வந்துவிட்டன. சோளகக் காற்று ஓய வேண்டிய காலம், அன்றைக்கு ஓயவில்லை. வள்ளக்காரர் இறங்குதுறையின் நுனிக்குப் போய் நின்று வெகுநேரம் கடலைப் பார்த்தார். திரும்பி வந்து சொன்னார்:

"முழுப் பாரம் ஏத்த ஏலாது தங்கச்சி. மூண்டில ரெண்டு பங்குதான் ஏத்துவன். மிச்சத்தை நாளைக்குப் பாப்பம்."

நாளைக்கு லொறி இல்லை. இன்றைக்கே இரண்டாவது தடவை வந்து ஏற்றிப் போவதற்கு இரண்டு மணிக்குள் நேரம் இல்லை. மதியத்துக்குப் பின் காற்று இன்னும் எழும்பும் என்றும் அவர் சொன்னார். அவர் கூடுதல் காசுக்காகச் சொல்லவில்லை என்பது எங்களுக்கு விளங்கியது; பாரம் குறைந்ததால் 4,000 ரூபாவைத் தானாகவே குறைத்துவிட்டார்.

உம்மா வாப்பாவுக்குக் கோல் எடுத்தார். இணைப்புக் கிடைக்கவில்லை. மூன்று தடவை முயன்றார். பிறகு கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, பாத்திரப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தார். எங்கள் பயணிகள் படகு புறப்பட அரை மணித்தியாலம் இருந்தது.

அந்த அரை மணித்தியாலம் உம்மாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டில், மெத்தை மூத்தம்மாவுக்கு, அதில் பேச்சில்லை. பிரிட்ஜில் இன்சுலின் வைக்க வேண்டும். புத்தகங்களில் கை வைக்கவில்லை. மேசையை வெட்டினார். கதிரைகளை வெட்டினார். தண்ணீர்ப் பீப்பாய்களை வெட்டினார். வள்ளக்காரர் இன்னும் கூட இருக்கிறது என்றார். மிச்சம் நின்ற பெரிய பாரங்கள் இரண்டுதான்: அலுமாரியும், இரும்புக் காலோடு மெஷினும்.

"அலுமாரியை ஏத்துங்க உம்மா, மெஷின் பழசுதானே" என்று தம்பி சொன்னான். அவனுக்கு அந்தக் கண்ணாடி பிடிக்கும்.

"மெஷின் இருந்தா இன்னொரு அலுமாரி வாங்கலாம்" என்று உம்மா சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. 17ஐ வெட்டாமல், பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டார்.

அலுமாரி ட்ரக்டரில் திரும்பி ஆச்சி வீட்டுக்குப் போயிற்று. ஆச்சி எங்களை வழியனுப்பத் துறைக்கு வந்திருந்தார். மாவிலித்துறையில் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கு ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. 1985 மே 15. ஆச்சி அந்த நாளைப் பற்றி எங்களோடு அதிகம் பேசியதில்லை. ஆனால் யாரை ஏற்றிவிட வந்தாலும் படகு கண்ணுக்கு மறையும் வரை துறையைவிட்டுப் போகமாட்டார். அன்றும் வெயிலில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். அலையில் படகு ஏறி இறங்கும்போது அவரது வெள்ளைச் சேலை தெரிந்தும் மறைந்தும் சிறிதாகிக்கொண்டு போனது.

எங்கள் சாமான்கள் தனியாகவும் நாங்கள் தனியாகவும் ஒரே கடலில் போனோம். உம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. படங்கு போர்த்த அந்த வள்ளம் குறிகாட்டுவானுக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்றரை மணி. லொறி நின்றது. இனிக் கஷ்டம் இல்லை என்று நினைத்தோம்.

துறையில் பாரம் இறக்குகிறவர்கள் நாலு பேர் வந்தார்கள். இந்தத் துறையில் இறக்குவது தாங்கள்தான், வள்ளக்காரரின் பொடியன்கள் கை வைக்கக்கூடாது, 12,000 ரூபா வேண்டும் என்றார்கள். வள்ளக்காரரின் முகம் மாறியது. உம்மா கொப்பியை எடுத்து, கையெழுத்தின் மேல் விரலை வைத்து, அந்த நாலு வரியையும் அவர்கள் நடுவில் நின்று உரத்து வாசித்தார். கடற்காற்றில் குரல் போய்விடுமோ என்று நான் பயந்தேன், போகவில்லை.

அவர்களில் மூத்தவர், "எழுதினது உங்களுக்கும் அவருக்கும் தங்கச்சி. எங்களுக்கு ஆர் எழுதித் தந்தது? டீசல் இல்லாமப் போய் ஒரு மாசமா இஞ்ச பாரமே வரேல்லை" என்றார்.

வழி முழுவதும் நான் இதைப் பற்றி யோசித்தேன். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. அவர்கள் விடிந்தது முதல் அந்த வெயிலில் ஒரு பாரத்துக்காகக் காத்து நிற்கிறவர்கள். உம்மாவின் காகிதத்திலும் பிழை இல்லை. கடைசியில் வள்ளக்காரர் அவர்களோடு தனியே பேசி 6,000த்துக்கு இறக்கினார். அதைத் தன் காசிலிருந்து கொடுப்பதாகச் சொன்னார். எட்டுப் பேருமாகச் சேர்ந்து ஒரு மணிக்கு முன்பே அடுக்கி முடித்தார்கள். பாரமானவை முன்னால், மெத்தைகள் நிமிர்த்தி ஓரத்தில், பாத்திரப் பெட்டிகள் மேலே. லொறிக் கதவு பூட்டியதும் உம்மா மிகுதி 20,000த்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மேலே 3,000 வைத்தார். "இறக்கின கூலியில பாதி என்ட" என்றார். வள்ளக்காரர் வாங்க மறுத்து, பிறகு வாங்கினார்.

நாங்கள் பஸ்ஸில் வந்தோம். வெள்ளி காலையில் சாமான்களும் நாங்களும் ஊர் வந்து சேர்ந்தோம், அல்ஹம்துலில்லாஹ். ஒரு பீங்கான் கோப்பையும் பூச்சாடி ஒன்றும்தான் உடைந்திருந்தன. அன்று மாலையே மூத்தம்மாவைக் கட்டிலில் கிடத்தினோம். ஞாயிறு மாமி போனார். அடுத்த வாரம் நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன்; எனக்கு வெள்ளைச் சீருடை தைத்தது அந்த மெஷின்தான்.

மேசையும் கதிரைகளும் ஆச்சி மூலமாக விலைப்பட்டன. அலுமாரியை மட்டும் உம்மா விற்கச் சொல்லவில்லை, அனுப்பச் சொல்லவும் இல்லை. ஒரு தடவை விலை விசாரித்துப் பார்த்தோம். அதைத் தனியாகக் கொண்டு வரும் கூலிக்கு இங்கே ஒரு புது அலுமாரியில் பாதி வாங்கலாம். ஆச்சியின் பேத்தி இப்போது அதில் தன் புத்தகங்களை வைத்திருக்கிறாள்.

போன மாதம் ஆச்சி கோல் எடுத்து, கோழிகளின் கதை, கிணற்றுத் தண்ணீரின் கதை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "அலுமாரிக் கண்ணாடியில உப்புப் பூத்துக் கிடக்குது பிள்ளை, என்னத்தால துடைக்கிறது?"

"கொஞ்சம் வினாகிரியில தண்ணி கலந்து துடைங்க ஆச்சி" என்றார் உம்மா. "பிறகு காய்ஞ்ச துணியால ஒருக்கா துடைக்கணும், ஈரத்தோட விட்டுறாதீங்க."